குடும்ப குரூப்: அம்மாவோட கணுக்கால்

சுமதி: அம்மாவுக்கு மூட்டு மாத்தி மூணு மாசம் ஆச்சு. முட்டி வலி சுத்தமா இல்ல. ஆனா இப்ப அதே கால்ல கணுக்கால் உள்பக்கம் வலிக்குதுன்னு ஒரு வாரமா புலம்பல். கார்த்தி, இருக்கியா?

செல்வம் மாமா: கோணலா வெச்சு தச்சுட்டாங்க போல. நான் அப்பவே வேற டாக்டர பாருங்கன்னு சொன்னேன்.

சித்தி: அண்ணே, அவ காலு இப்பதான் நேரா இருக்கு. முன்னாடி ரெண்டு முட்டிக்கும் நடுவுல ஒரு சொம்பே வைக்கலாம் 😄

அம்மா: நானும் இந்த குரூப்லதான் இருக்கேன்.

கார்த்தி: பெரியம்மா, மொதல்ல இத சொல்லுங்க. கெண்டைக்கால் வீங்கி, சூடா, தொட்டா வலிக்குதா? மூச்சு வாங்குதா?

அம்மா: அதெல்லாம் இல்லப்பா. சாயங்காலமானா கணுக்கால்ல லேசா வீக்கம். காலைல வடிஞ்சிரும்.

கார்த்தி: சரி. கெண்டைக்கால் திடீர்னு வீங்குனா ரத்தக்கட்டியா இருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், குரூப்ல கேட்டுட்டு இருக்கக் கூடாது. சாயங்கால வீக்கம் இந்த ஆபரேஷனுக்கப்புறம் சில மாசம் சகஜம்.

சுமதி: அப்ப வலி ஏன்டா? கை வெச்சது முட்டிலதான?

கார்த்தி: பல வருஷமா கால் வில்லா வளைஞ்சு இருந்துச்சுல்ல. அப்படி வளைஞ்சா பாதம் வெளி ஓரத்துலதான் தரையில படணும். ஆனா அப்படி நடக்க முடியாதே. அதனால கணுக்காலுக்குக் கீழ இருக்கற மூட்டு, குதிகால வெளிப்பக்கமா சாய்ச்சு பாதத்த தரையோட சேத்து வெச்சிருக்கும். இப்ப முழங்காலுக்குக் கீழ எலும்ப நிமித்தியாச்சு. குதிகால் மட்டும் பழைய சாய்வுலயே நிக்குது. பாரம் பாதத்தோட உள்பக்கம் இறங்குது.

சித்தி: அப்ப அதுவும் தானா நேராகாதா?

கார்த்தி: நிறைய பேருக்கு சாய்வு கொறைஞ்சிரும் சித்தி. கீழ் மூட்டு இறுகிப்போனவங்க, கணுக்கால்ல ஏற்கனவே தேய்மானம் இருக்கறவங்க, இவங்களுக்குத்தான் மாறாது. சிலருக்கு முட்டி வலி இருந்தவரைக்கும் கணுக்கால் வலி பெருசா தெரிஞ்சிருக்காது. இப்ப நல்லா நடக்கறாங்க, அது தெரியுது.

செல்வம் மாமா: மெடிக்கல் ஷாப்ல பாதத்துக்கு அடியில வைக்கற மெத்தை விக்கிறான். வாங்கி போட்டா முடிஞ்சுது.

கார்த்தி: வேணாம் மாமா. மெத்தை எந்தப் பக்கம் எவ்வளவு தூக்கணும்னு பாத்துதான் குடுக்கணும். தப்பான பக்கம் தூக்குனா வலி கூடும்.
சுமதி அக்கா, பெரியம்மாவ அடுப்பு மேடைய ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு மெதுவா குதிகால தூக்கச் சொல்லு. பின்னாடி நின்னு வீடியோ எடு. வலிச்சா நிறுத்திரு.

சுமதி: 🎥 வீடியோ

கார்த்தி: நல்லது. தூக்கும்போது குதிகால் உள்பக்கமா திரும்புது பாரு. மூட்டு இறுகல, தசைநாரும் வேலை செய்யுதுன்னு தோணுது. ஆனா வீடியோவ மட்டும் பாத்து முடிவு பண்ண மாட்டேன். டாக்டர்கிட்ட இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் நின்னுட்டு எடுக்கற எக்ஸ்ரே கேளுங்க. முட்டிய மட்டும் எடுத்த படத்துல கால் முழுசும் எந்த கோட்டுல நிக்குதுன்னு சரியா தெரியாது. கணுக்காலுக்கும் நின்னபடி தனியா ஒண்ணு.

செல்வம் மாமா: அதுல கோணல் தெரிஞ்சா?

கார்த்தி: லேசான வளைவு தெரிஞ்சா உடனே தப்புன்னு சொல்லிர முடியாது மாமா. சில சர்ஜன்கள் அவங்கவங்க பழைய கால் வாகுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் வளைவ வேணும்னே விட்டு வைப்பாங்க. அத அவர்கிட்டயே கேக்கலாம்.

சித்தி: வீட்டுக்குள்ள அந்த பழைய ரப்பர் செருப்பயேதான் இன்னும் போட்டுட்டு இருக்கா.

கார்த்தி: ஒருபக்கம் தேஞ்சதா? அத தூக்கிப் போடுங்க பெரியம்மா. அது பழைய காலுக்கு தேஞ்ச செருப்பு. குதிகால சுத்தி பிடிக்கற, பின்வார் வெச்ச செருப்பா வாங்குங்க.

அம்மா: போன பொங்கலுக்குதான் வாங்குனேன்.

சுமதி: அம்மா, அது முந்தின பொங்கல்.
வியாழக்கிழமை டாக்டர பாக்க டோக்கன் போட்டுட்டேன். கார்த்தி, நீ சொன்னத அப்படியே அவர்கிட்ட காட்டுறேன்.

அம்மா: எக்ஸ்ரேக்கு வெறும் வயித்தோட போகணுமா?

கார்த்தி: சாப்பிட்டே போங்க பெரியம்மா.