பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்கிற்கு எந்த என்க்ளோஷர் பொருந்தும்?

கேள்வி:
வணக்கம். 2004ஆம் ஆண்டு அப்பா வாங்கிய மேசைக் கணினி பழுதாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அதிலிருந்து கழற்றிய 80 ஜிபி ஹார்ட் டிஸ்கில் மறைந்த பாட்டியின் படங்களும், அவர் பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவும் இருக்கின்றன. அவற்றை மடிக்கணினிக்கு மாற்றுவதற்காகக் கடையில் சொல்லி ஒரு யூஎஸ்பி என்க்ளோஷர் (டிஸ்கை உள்ளே வைத்துக் கணினியுடன் இணைக்கும் பெட்டி) வாங்கினேன். டிஸ்க் அதற்குள் நுழையவே இல்லை. டிஸ்கின் பின்புறம் இரண்டு வரிசையாகப் பின்கள் நீட்டிக்கொண்டிருக்க, என்க்ளோஷருக்குள் தட்டையான இணைப்பிதான் இருக்கிறது. எதை வாங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1:
நண்பரே, தாங்கள் வாங்கியது 2.5 அங்குல சாட்டா (பின்னாளில் வந்த இணைப்பு வகை) டிஸ்கிற்கானது. தங்களிடம் இருப்பது 3.5 அங்குல ஐடிஇ (பழைய இணைப்பு வகை) டிஸ்க். பின்களை எண்ணிப் பாருங்கள், 39 இருக்கும். 40 பின் இணைப்பியில் தலைகீழாகச் செருகாமல் இருக்க நடுவில் ஒன்றை விட்டிருப்பார்கள். அளவையும் இணைப்பியையும் விட முக்கியமானது மின்சாரம். மடிக்கணினியின் யூஎஸ்பி துளை 5 வோல்ட் மட்டுமே தரும். இந்த டிஸ்கின் மோட்டார் சுழல 12 வோல்ட் வேண்டும். ஆகவே, தனி அடாப்டருடன் வரும் 3.5 அங்குல ஐடிஇ என்க்ளோஷர் என்று கேட்டு வாங்குங்கள். "3.5 அங்குலம்" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் சாட்டாதான் கிடைக்கும்.

மறுமொழி 2:
ஒருமுறை படங்களை எடுப்பதற்காக என்க்ளோஷர் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐடிஇ, சாட்டா இரண்டுக்கும் பொருந்தும் யூஎஸ்பி மாற்றிக் கேபிள், 12 வோல்ட் அடாப்டருடன் சேர்ந்தே கிடைக்கிறது, அதுவே போதும். பின்களுக்கு அருகிலுள்ள சிறிய ஜம்பரை (இரு பின்களை இணைக்கும் சிறு மூடி), லேபிளில் அச்சிட்டுள்ள படத்தைப் பார்த்து மாஸ்டர் (முதன்மை டிஸ்க்) நிலையில் வையுங்கள். ஸ்லேவ் (துணை டிஸ்க்) நிலையில் இருந்தால் டிஸ்க் சுழன்றாலும் கணினிக்குத் தெரியாமல் போகலாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் என்றால், தனியாக இணைப்பதற்கென்று வேறொரு நிலை லேபிளில் காட்டப்பட்டிருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கேபிள் வாங்கிவிட்டேன். ஆனால் ஓரத்தில் ஒரு பின் வளைந்திருக்கிறது. அழுத்திச் செருகலாமா?

மறுமொழி 2:
தயவுசெய்து அழுத்த வேண்டாம். முள் (லெட்) இல்லாத மைக்ரோ டிப் பென்சிலின் உலோக முனையை அந்தப் பின்மேல் மாட்டி, மிக மெதுவாக நிமிர்த்துங்கள். இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிந்துவிடும். பிறகு கேபிளைச் செருகி, அடாப்டரைப் போட்டு, டிஸ்க் சீராகச் சுழலும் ஓசை கேட்ட பின்னரே யூஎஸ்பியை இணையுங்கள். "டக் டக்" என்று தொடர்ந்து தட்டும் ஓசை வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால், எந்தச் சூழலிலும் சம்மதிக்காதீர்கள்.

கேட்டவர்:
பின் நிமிர்ந்தது, டிஸ்கும் தெரிகிறது. அப்பாவின் பெயரிலுள்ள கோப்புறையைத் திறந்தால் மட்டும் அனுமதி இல்லை என்கிறது.

மறுமொழி 1:
பழைய விண்டோஸ் எக்ஸ்பி பயனர் கணக்கின் உரிமை அதில் அப்படியே இருப்பதுதான் காரணம். நிர்வாகி கணக்கில் நுழைந்து, அந்த அறிவிப்பிலேயே உள்ள "தொடர்க" பொத்தானை அழுத்திக் காத்திருங்கள். முதலில் ஒலிப்பதிவை நகலெடுங்கள், படங்கள் அடுத்து.

கேட்டவர்:
திறந்துவிட்டது, ஐயா. தாலாட்டு முழுமையாக இருக்கிறது. இரண்டு இடங்களில் நகலெடுத்துவிட்டேன். படங்கள் இப்போது ஏறிக்கொண்டிருக்கின்றன.