பாதத்தில் ஒளிந்திருக்கும் கணு: ‘மறைகணு’ என்ற சொல் பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

போர்னியோவின் சரவாக்கில் கிடைத்த நீள்கொம்பு வண்டின் பாதத்தில் நான்கு கணுக்களே தெரிகின்றன, வண்டுகளை இனங்காண உதவும் திறவுகோல் அட்டவணையோ ஐந்து என்கிறதே என்று சென்ற மடலில் ஓர் அன்பர் கேட்டிருந்தார். அவர் இணைத்த படங்களில், மூன்றாம் கணு இரண்டு இதழ்களாகப் பிளந்து, அடிப்புறம் மயிரடர்ந்து, அகன்றிருப்பது தெளிவாகத் தெரிகிறது. அவ்விதழ்களுக்கு நடுவே, நகங்களைத் தாங்கும் நீண்ட கணுவின் அடியில் சிறு குமிழாக ஒட்டியிருப்பதே நான்காம் கணு. ஊசிமுனையால் ஓர் இதழை விலக்கி, பக்கவாட்டில் ஒளி விழச் செய்து உருப்பெருக்கியால் நோக்கினால் ஐயம் நீங்கும்.

இந்த அமைப்புக்கு முன்மொழியப்பட்ட ‘போலி நாற்கணு’ என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. கண்ணுக்குத் தோன்றும் எண்ணிக்கையை அது பெயரில் நிறுத்திவிட்டு, உண்மையான எண்ணிக்கையை வாசகரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது. பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதக்கணுக்களைக் கொண்டு வண்டுகளை வகுத்தபோது, நீள்கொம்பு வண்டுகள் நாற்கணுவினத்தில் இடம்பெற்றதும் இத்தோற்றத்தால்தான். மற்றொரு முன்மொழிவான ‘கரந்தைங்கணு’ (கரந்து + ஐங்கணு, அதாவது ஒன்று ஒளிந்திருக்கும் ஐந்து கணு) இலக்கணப்படி பிழையற்றது. ஆயினும் கரந்தை என்றதும் பூவும் புறத்திணையுமே நம் நினைவுக்கு வரும், சொல்லைப் பிரித்துப் படிக்கவும் மாணவர் தடுமாறுவர்.

ஒளிந்திருக்கும் அந்த உறுப்புக்கு ‘மறைகணு’ என்றும், அதனைக் கொண்ட ஐந்து கணுப் பாதத்துக்கு ‘மறையைங்கணுப் பாதம்’ என்றும் பெயரிடலாம் என்பது என் கருத்து. எண்ணைச் சேர்த்தே ஆக வேண்டும். ஏனெனில் பொறிவண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ள நான்கு கணுக்களில் மூன்றாவது மறைந்து, பாதம் முக்கணுவாகத் தோன்றும். அதனை ‘மறைநாற்கணுப் பாதம்’ என்று இதே முறையில் தடையின்றி அமைத்துக்கொள்ளலாம். இலைவண்டுகளும் கூன்வண்டுகளும் பெரும்பாலும் மறையைங்கணுப் பாதத்தனவே என்பதால், இச்சொல்லை நீள்கொம்பு வண்டுகளுக்கு மட்டும் உரியதாக வரையறுத்தல் கூடாது. நீள்கொம்பு வண்டுகளிலேயே பராண்ட்ரா போன்ற சிலவற்றில் நான்காம் கணு வெளிப்படையாகவே தெரியும்.

ஆகவே பாதத்தை மட்டும் கொண்டு இந்த மாதிரியை முடிவுசெய்ய இயலாது. முகம் செங்குத்தாக இறங்குவதும், வாயருகே உள்ள உணரிழைகளின் கடைசிக் கணு கூர்ந்து முடிவதும், முன்காலின் உட்புறத்தில் சாய்வான பள்ளம் இருப்பதும் இதனைத் தட்டைமுக நீள்கொம்பிகளின் துணைக்குடும்பத்தில் சேர்க்கின்றன. சரவாக்கின் சிமுன்ஜானில் 1855ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்கத்துக்காக வெட்டப்பட்ட மரங்களிடையே இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் திரட்டிய வண்டுகளிலும் நீள்கொம்பிகள் ஏராளமாக இருந்தன. நீள்கொம்பிகள் இவ்வளவு மிகுந்த தீவில் படத்தை ஒப்பிட்டு மட்டும் இனப்பெயர் சூட்டுதல் தகாது. உணர்கொம்பின் முதற்கணு நுனியில் விளிம்பு கட்டிய தழும்பு ஒன்று உள்ளதா என்பதை அருகிலிருந்து படமெடுத்து அனுப்பினால், அடுத்த படிக்குச் செல்லலாம்.