மூட்டு வாதத்துக்கு ‘டீம்’ சிகிச்சை: உங்களுக்கு எப்படி இருந்தது?

வலங்கைமான் மகள்:
அம்மாவுக்குச் சரவாங்கி, அதாவது ருமட்டாய்டு மூட்டு வாதம். நாற்றுப் பறித்து முடி கட்டிய கை, இப்போது காலையில் காபி டம்ளரைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் டாக்டர், பிசியோ, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்), டயட்டீஷியன் எல்லாரும் ஒரே நாளில் பார்ப்பார்கள் என்றார்கள். பார்த்தார்கள்தான். நாலு அறை, நாலு சீட்டு; ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்கவில்லை. விரலெல்லாம் வீங்கிச் சூடாக இருக்கும்போதே பிசியோ பந்தை அழுத்தச் சொன்னார். பக்கத்து அறையில் அதே கைக்கு ஓய்வு வேண்டும் என்று மணிக்கட்டுப் பட்டை கட்டிவிட்டார்கள். “யார் சொல்றதைடி கேக்கறது?” என்றாள் அம்மா. கடைசியில் இ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) இறங்கிவிட்டது, நல்ல முன்னேற்றம் என்று அனுப்பிவிட்டார்கள். ரவிக்கைக் கொக்கியை இன்றைக்கும் நான்தான் மாட்டிவிடுகிறேன்.

திருவாரூர் பிசியோ:
சகோதரி, அந்தக் கொக்கியையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். 1980இல் வந்த ‘ஹாக்’ என்ற கேள்வித்தாள் இதற்காகத்தான் இருக்கிறது. உடுத்த, எழுந்திருக்க, சாப்பிட, நடக்க எவ்வளவு சிரமம் என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவோம். அதில் கார் கதவு திறக்க முடிகிறதா என்று ஒரு கேள்வி வரும். நம் ஊர்ப் பெண்களிடம் நான் அடிபம்பு அடிக்க முடிகிறதா என்றுதான் கேட்பேன். டாக்டர்கள் வீக்கம் பார்க்கிற 28 மூட்டுக் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு: கணுக்காலும் பாதமும் அதில் கிடையாது. நடவு வயலில் நிற்கிறவருக்குக் கால்விரல் வீங்கியிருந்தாலும் கணக்கு ‘நன்று’ என்றே வரும். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்க்கிற டீமா என்று கவனியுங்கள்.

மன்னார்குடிக்காரன்:
எங்கள் அப்பாவுக்கு சரவாங்கி இல்லை, முழங்கால் தேய்மானம். 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோ வீட்டுக்கே வந்தார். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தும் பயிற்சி, கட்டில் காலுக்குக் கட்டை, கழிப்பறைக்கு நாற்காலி, அவ்வளவுதான். ஆனால் அப்பா கால் வீங்கியிருப்பதைப் பார்த்து, என்ன மாத்திரை என்று கேட்டார். பிரஷர் மாத்திரையோடு மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையும் தினம் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, டாக்டர் அந்த வலி மாத்திரையை நிறுத்தினார். இவர்கள் மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

பாபநாசம் வாசகர்:
என் சித்திக்குச் சரவாங்கிக்காக வாரம் ஒரு நாள் மட்டும் போடவேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. கடைக்காரர் கவரில் தினமும் ஒன்று என்று எழுதிவிட்டார். கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, டயட்டீஷியன்! ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டு, வாயைத் திறக்கச் சொன்னால் உள்ளே முழுக்கப் புண். அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார். ரத்த அணுக்களும் குறைந்திருந்ததால் உடனே அட்மிட் செய்தார்கள். உணவுப் பட்டியல் தருகிற ஆள் எதற்கு என்று அதுவரை சித்தப்பா திட்டிக்கொண்டிருந்தார்.

வலங்கைமான் மகள்:
சரி, அடுத்த தடவை நாலு அறைக்கும் ஒரே நோட்டுதான் கொண்டுபோகப் போகிறேன். பிசியோ சார், குறுவை நடவுக்குப் போவேன் என்று அம்மா அடம்பிடிக்கிறாள். பட்டையோடு போகலாமா?

திருவாரூர் பிசியோ:
சேற்றில் வேண்டாம், ஈரம் கோத்துத் தோல் புண்ணாகும். வீட்டு வேலைக்குக் கட்டட்டும். பந்து அழுத்துவதை வீக்கம் இறங்கும்வரை நிறுத்திவையுங்கள். நிறுத்தியதை அந்த பிசியோவிடமும் சொல்லிவிடுங்கள்.