வேர்டு ஃபைலை பிரஸ்ஸுக்குக் கொடுக்கும் பிடிஎஃப் ஆக்குவது எப்படி?

அடையாறு வாசகி:
வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்க மலர் 64 பக்கம், டெம்மி சைஸ், அதாவது 5.5 × 8.5 அங்குலம். உள்பக்கம் ஒரே கலர், ரேப்பர் (அட்டை) நாலு கலர். வேர்டில் லதா ஃபான்டில் அடித்தது. திருவல்லிக்கேணியில் ஒரு பிரஸ்ஸில் திறந்தால் 67 பக்கம் காட்டுகிறது. பேஜ்மேக்கரில் (பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்) ஒட்டிப் பார்த்தார்கள். கொம்பு தனியாக, எழுத்து தனியாக நிற்கிறது. "பிரிண்ட் ரெடி பிடிஎஃப் கொண்டு வாங்க" என்கிறார்கள். விண்டோஸில் எப்படிச் செய்வது?

டிடிபி மேசை:
மேடம், பக்கம் கூடியதற்குக் காரணம் ஃபான்ட். விண்டோஸ் 10 முதல் லதா தானாக வருவதில்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். அது இல்லாத கம்ப்யூட்டரில் வேறு ஃபான்ட் உட்கார்ந்துகொள்ளும், வரிகள் தள்ளிப்போகும். பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழைக் கோர்க்கத் தெரியாது, அதனால்தான் கொம்பு பிரிகிறது. வேர்டு ஃபைலை யாரிடமும் கொடுக்காதீர்கள். பிடிஎஃப்பை உங்கள் கம்ப்யூட்டரிலேயே எடுங்கள்.

முதலில் லேஅவுட் > சைஸில் பக்க அளவு 5.5 × 8.5 என்றே இருக்கிறதா பாருங்கள். பிறகு ஃபைல் > சேவ் ஆஸ் போய் பிடிஎஃப் தேர்ந்தெடுத்து, 'ஸ்டாண்டர்ட்' வையுங்கள். 'மினிமம் சைஸ்' படங்களைக் கெடுத்துவிடும். ஆப்ஷன்ஸில் பிடிஎஃப்/ஏ-வை டிக் செய்தால் ஃபான்ட் உள்ளேயே பதிந்துவிடும். 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' வழியாக எடுக்க வேண்டாம். அதன் பட்டியலில் டெம்மி என்ற பெயர் இருக்காது. கவனிக்காவிட்டால் ஏ4 தாளில் கொண்டுபோய் வைத்துவிடும்.

எடுத்ததை அடோபி ரீடரில் திறந்து கன்ட்ரோல் + டி அழுத்தி, ஃபான்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' (ஃபான்ட் உள்ளே பதிந்திருக்கிறது) என்று இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் பிரஸ்ஸுக்குக் கிளம்பாதீர்கள்.

பக்கங்களை ஒற்றை ஒற்றையாக, வரிசையாகவே கொடுங்கள். 16 பக்க ஃபாரமாக (சேர்த்து அச்சாகும் பக்கத் தொகுதி) அடுக்குவது பிரஸ் வேலை. 64 என்பதால் நாலு ஃபாரம், வெற்றுப் பக்கம் விழாது.

ராயப்பேட்டை ஆஃப்செட்:
உள்பக்கத்துக்கு மேலே சொன்னது போதும். பிளேட் (அச்சுத் தகடு) போடுமுன் கிரேஸ்கேலாக (கருப்பு-சாம்பல் மட்டும்) மாற்றச் சொல்லிவிடுங்கள். ரேப்பரை மட்டும் வேர்டில் செய்யாதீர்கள். வேர்டு தருவது ஆர்ஜிபி, அதாவது திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கலர். அதை அப்படியே அச்சின் நாலு மைக் கலரான சிஎம்ஒய்கே ஆக்கினால் கருப்பு எழுத்து நாலு மையிலும் பிரிந்து விழும். ரெஜிஸ்டர் (நாலு மையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்தைச் சுற்றி கலர் நிழல் தெரியும். கருப்பு எழுத்து கே 100, அதாவது கருப்பு மை மட்டுமாக இருக்க வேண்டும்.

அதற்கு ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இலவசம். 1.6 பதிப்பு போடுங்கள், பழைய 1.4-இல் தமிழ் உடையும். டாக்குமென்ட் செட்டப்பில் நாலு பக்கமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் பகுதி), கலர் மேனேஜ்மென்ட் ஆன். அதை ஆன் செய்யாவிட்டால் எக்ஸ்போர்ட்டில் அச்சுக்கான பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ தேர்வே கிடைக்காது. பின்னணிக் கலரை பிளீட் கோடு வரை இழுத்து விடுங்கள். டிரிம் (வெட்டும்) விளிம்போடு நிறுத்தினால், கத்தி துளி நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கீற்று. எக்ஸ்போர்ட் செய்யும்போது பிரீ-பிரஸ் பகுதியில் கிராப் மார்க்ஸ் (வெட்டுக் குறிகள்), டாக்குமென்ட் பிளீட்ஸ் இரண்டும் டிக்.

பிரஸ்ஸில் ரேப்பரை கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் திறப்பார்கள் என்றால், இம்போர்ட்டில் 'டெக்ஸ்ட்' வேண்டாம், 'கர்வ்ஸ்' (எழுத்தைக் கோட்டு வடிவமாக எடுப்பது) கொடுக்கச் சொல்லுங்கள். டெக்ஸ்ட் ஆக வந்தால் மறுபடி கொம்பு பிரியும்.

அடையாறு வாசகி:
நன்றி. படங்கள் எல்லாம் வாட்ஸாப்பில் வந்தவை. பரவாயில்லையா?

டிடிபி மேசை:
போட்டோவாக அனுப்பியது சுருங்கித்தான் வரும். 'டாக்குமென்ட்' ஆக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அச்சில் 4 அங்குல அகலம் வர வேண்டுமானால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 1200 பிக்சல் தேவை. வேர்டும் தன் பங்குக்குச் சுருக்கும்: ஃபைல் > ஆப்ஷன்ஸ் > அட்வான்ஸ்டில் 'டு நாட் கம்ப்ரஸ் இமேஜஸ்' டிக் செய்துவிட்டு, பழைய படங்களை எடுத்துவிட்டு ஒரிஜினலைப் புதிதாக வையுங்கள். ஏற்கெனவே சுருங்கியது இந்த டிக்கால் திரும்பி வராது.