புதுப்பிப்பு: ஒரே கேபிளில் இரண்டாவது கேமரா, இப்போது ஓடுகிறது

கொல்லைப்புறத்துக்குப் போவது ஒரே ஒரு கேட் 5இ நெட்வொர்க் கேபிள், குழாய்க்குள் இன்னொன்று நுழையாது, இரண்டாவது கேமராவுக்கு என்ன வழி என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஒன்று உள்ளே, இரண்டு வெளியே என்று வரும் பிஓஈ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறை) எக்ஸ்டெண்டரைச் சொன்னவர்களுக்கு நன்றி. மாட்டினேன்.

பகலெல்லாம் படம் பளிச். பொழுது சாய்ந்ததும் இரண்டும் டப்பென்று அணைந்தன. அரை நிமிடத்தில் எழும், மறுபடி அணையும். கேபிளைத்தான் சந்தேகப்பட்டு இரண்டு முனையையும் வெட்டித் திரும்பக் கிரிம்ப் செய்தேன். வீண் வேலை!

கேமராவின் அடியில் ஒட்டியிருந்த லேபிளில் இருந்தது விடை: அதிகபட்சம் 7.5 வாட். இருட்டில் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரியும்போது இரண்டுக்குமாக 15. கேமராக்களுக்கு மின்சாரம் தரும் ரெக்கார்டரின் போர்ட் பழைய 'ஏஎஃப்' வகை பிஓஈ. அது விடுவது 15.4 வாட், மறுமுனைக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95தான். அதிலும் எக்ஸ்டெண்டர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

ரெக்கார்டர் பக்கத்தில் அதைவிட அதிக மின்சாரம் தரும் 'ஏடி' வகை பிஓஈ சுவிட்ச் ஒன்று வைத்தேன். போர்ட்டுக்கு 30 வாட், மறுமுனையில் 25.5. எக்ஸ்டெண்டர் நல்லவேளை முதலிலேயே 'ஏடி'தான். சுவிட்சுக்கு மாறியதால் இரண்டு கேமராவையும் ஐபி முகவரி கொடுத்துக் கையால் சேர்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நாலு ராத்திரியாக ஒருமுறைகூட அணையவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் தினமும் இரண்டு மணிக்குப் பதிவாகிறது.