புதுப்பிப்பு: கோத்தகிரி ஸ்பா ரிசார்ட்டுக்குப் போய் வந்தாச்சு

போன மாசம் கேட்டிருந்தேனே, அம்மாவோட முட்டி வலிக்கு ராஜஸ்தான் பாலைவன ஸ்பாவா, பக்கத்துல கோத்தகிரியான்னு? பாதிப் பேர் "அவ்வளவு தூரம் எதுக்கு"ன்னீங்க. கோத்தகிரிக்கே போனோம், மூணு ராத்திரி.

எண்ணெய்க் குளியல் அருமை. வெதுவெதுன்னு எண்ணெயை முட்டியில ஊத்தி, முக்கால் மணி நேரம் அவசரமே இல்லாம தேய்ச்சாங்க அந்த அக்கா. அம்மா அங்கேயே குறட்டை. நீராவிப் பெட்டியில நாலு சொட்டு நீலகிரித் தைலம். எனக்கு ஒரு வாரமா அடைச்சிருந்த மூக்கு திறந்துச்சு.

ஆனா ரிசார்ட் போட்டிருந்த படத்துல பளபளத்த திறந்தவெளிக் குளம்? பாலைவன வெயிலுக்கு அது சரி. கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்துல, சூடாக்காத தண்ணி! கட்டைவிரலை வெச்சதோட ஓடி வந்துட்டேன்.

பெரிய கோபம் இதுதான்: ரூமிலிருந்து ஸ்பாவுக்கு 64 படி. எண்ணினேன். முட்டி வலிக்காரங்களைக் கூட்டிட்டுப் போறவங்க மசாஜ் பட்டியலைப் பாக்குறதுக்கு முன்னாடி படியைக் கேளுங்க. நாங்க கேக்கலை. சண்டை போட்ட பிறகு கீழ ரூம் மாத்திக் கொடுத்தாங்க.

நீலகிரி மாவட்டத்துக்குள்ள வண்டியில போக இ-பாஸ் (அனுமதிச் சீட்டு) வேணுமான்னு கேட்டவங்களுக்கு: ஆமா, வெளியூர் வண்டின்னா எடுக்கணும், 2024 மே மாசத்துலருந்து. ஆன்லைன்லயே கிடைக்குது.