எழுதாத கோட்டுத்தாள் கலையா?

வெண்மதி: புது நோட்டைத் திறந்ததும் நான் உடனே எழுதமாட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளிறிய நீலத்தில் வரிவரியாகக் கோடுகள், இடது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒற்றைச் சிவப்பு மார்ஜின். நீலமும் சிவப்பும் வெட்டும் இடங்களில் பொடிப்பொடியாக ஊதாப் புள்ளிகள். சட்டம் போட்டு மாட்டினால் அதுவும் கலைதான் என்பேன்.

கரிக்கோல்: அழகு, சரி. கலை, இல்லை. எழுத்து கோணாமலிருக்கப் போட்ட கோடு அது. எழுதுபவருக்கு வழிவிட்டு ஒதுங்கத்தான் அத்தனை வெளிறிய நிறம்.

வெண்மதி: எனக்குப் பிடித்ததே அந்த ஒதுக்கம்தான். அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டின் 1964-ல் வரைந்த ‘மரம்’ ஆறடிச் சதுரக் கேன்வாஸ். அதிலும் பென்சில் கோடுகள்தானே?

கரிக்கோல்: மார்ட்டினின் கோடு துணியின் நெசவில் ஏறி இறங்கும். ஓரிடத்தில் அழுந்தும், ஓரிடத்தில் தேயும். அங்கே ஒரு கை இருக்கிறது. நஸ்ரீன் முகமதியைப் பாருங்கள். பரோடாவில் ஓவியம் கற்பித்தவர், 1990-ல் மறைந்தார். வரைகருவிகளை வைத்துக்கொண்டு மையிலும் பென்சிலிலும் கோடாகவே இழுத்தார். எந்தக் கோடு எவ்வளவு மெலிய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் எடுத்த முடிவு. உங்கள் நோட்டில் அப்படி யார் முடிவெடுத்தார்?

தறிக்காரன்: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நோட்டுத் தாளில் கோடு போடும் பழைய ரூலிங் மெஷினில் வரிசையாகப் பேனாக்கள் இருக்கும். கம்பளித் துணியில் ஊறிய மை அவற்றில் இறங்க, அடியில் தாள் நகரும். மை மிஞ்சினால் கோடு பருக்கும், வற்றினால் அறுந்து அறுந்து வரும். பக்கத்தில் நின்றவர் கண்ணாலேயே கண்டுபிடித்துச் சரிசெய்வார். கை இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கரிக்கோல்: கைத்திறன் இருக்கிறது, வணங்குகிறேன். ஆனால் அவர் தேடியது பிசிறில்லாத கோடு. பார்ப்பவர் மனத்தில் ஒன்று நிகழவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அந்த நினைப்பு இல்லாததைக் கலை என்றால், மணல்மேட்டில் காற்று போட்ட வரிகளையும் கலை என்றாக வேண்டும்.

வெண்மதி: மணல்வரியை யாரும் செய்யவில்லை. இதை ஒருவர் செய்தார், தன் பெயர் வேண்டாமென்று விட்டார். எனக்கு அந்த வேறுபாடு பெரிது. ஒன்று கேட்கிறேன். எழுதாத கோட்டுத்தாள் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

கரிக்கோல்: பார்த்தேன். பின்பக்கக் கோடு முன்பக்கக் கோட்டோடு ஒட்டாமல், மயிரிழை கீழே நிழலாக ஓடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல். கலை என்று இப்போதும் ஒப்பமாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அடுத்ததில்தான் எழுதினேன்.